மிச்சம் பிடித்த ரூபாய் எங்கே ஸார்?

கடன்பட்ட குடும்பஸ்தனுக்கு சிக்கன ஞானம் பெரும்பாலும் இருபத்து மூன்றாம் தேதி வாக்கில்தான் வரும். ஒன்றாம் தேதி வராது. ஒன்றாம் தேதி அவன் மகாராஜா. பத்தாம் தேதி ஜமீன்தார். இருபதைத் தாண்டியதும் திடீரென்று சாமியாராகி, "நாம ஏன் இவ்வளவு எண்ணெய் செலவு பண்றோம்?" என்று அடுக்களை வாசலில் நின்று தத்துவம் பேச ஆரம்பிப்பான்.

கவனியுங்கள், எண்ணெய். எப்போதும் எண்ணெய்தான். அல்லது பால், காபித்தூள், பூ. சிக்கனம் என்ற வார்த்தை வாயில் வந்ததும் நம் கால்கள் தாமாகவே சமையலறைக்குள் போய்விடுகின்றன. மற்ற நாட்களில் ஒரு டம்ளர் தண்ணீர் எடுக்கக்கூட அந்தப் பக்கம் போகாத கால்கள்.

எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், அவர் வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள். குரோம்பேட்டையில் வாடகை வீடு. கிண்டியில் ஆபீஸ். ஒரு மனைவி, யு.கே.ஜி. படிக்கும் ஒரு பெண். பிடித்தமெல்லாம் போக கைக்கு வருவது 42,000. கிரெடிட் கார்டில் கடன் 60,000. இந்த அறுபதாயிரம் எப்படி வந்தது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பெரிதாக ஒன்றும் வாங்கவில்லை, சத்தியமாக. ஒரு தீபாவளி, ஒரு ஸ்கூல் டேர்ம் ஃபீஸ், ஒரு மைத்துனன் கல்யாணம், அப்புறம் 'அடுத்த மாசம் கட்டிக்கலாம்' என்ற ஒரு நம்பிக்கை. மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்த மாதிரி வந்திருக்கிறது. எந்த வழியாக என்று தெரியாது. கணுக்காலுக்கு மேல் நிற்கிறது, அவ்வளவுதான்.

நண்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடனை ஒழித்துக்கட்டுவது என்று தீர்மானித்தார். பேப்பர், பேனாவோடு உட்கார்ந்தார். மத்தியானத்துக்குள் திட்டம் தயார்.

பச்சை பாக்கெட் பாலிலிருந்து நீல பாக்கெட்டுக்கு மாற்றம். அரை லிட்டருக்கு இரண்டு ரூபாய், தினம் ஒரு லிட்டர், மாதம் 120. காபித்தூளில் சிக்கரியைக் கூட்டினால் 150. பூக்காரம்மா தினமும் வர வேண்டாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும், அதில் 300. இஸ்திரிக்காரரிடம் 200 (தன் சட்டைகள் நீங்கலாக). எண்ணெயில் 90. ஆக மொத்தம் 860 ரூபாய். வாரப் பத்திரிகையையும் நிறுத்திவிடலாம் என்றாராம். எங்கள் நட்பு அன்றே முறிந்திருக்கும். திருமதி நண்பர் குறுக்கே விழுந்து தடுத்துவிட்டார்.

பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். நண்பருடைய வாழ்க்கையில் ஒரு மாற்றமும் இல்லை. பாதி பூ யார் தலையில்? கசங்கிய புடவை யார் உடம்பில்? காபியில் சிக்கரி கூடியதை மட்டும் அவர் நாக்கு கண்டுபிடித்திருக்கும். ஆனால் அவர்தான் ஆபீஸ் பக்கத்து டீக்கடையில் ஒன்றுக்கு இரண்டாகக் குடித்து ஈடு கட்டிக்கொண்டாரே!

மூன்று மாதம் திட்டம் நடந்தது. வீட்டில் மௌனமும் நடந்தது. மூன்றாவது மாத முடிவில் கார்டு ஸ்டேட்மென்ட் வந்தது. கடன் குறைந்திருக்கிறதா என்று பார்த்தால், 61,000-த்துச் சொச்சம்!

* * *

இங்கேதான் என் பி.காம். படிப்புக்கு ஒரு வேலை வருகிறது. (படித்த நாளிலிருந்து அதற்காகக் காத்திருந்தேன்.)

காமர்ஸ் குரூப் எடுத்தவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தந்திருப்பார்கள், இரட்டைப் பதிவு முறை. ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியே ஆகவேண்டும். 1494-ல் வெனிஸ் நகரத்தில் லூகா பாசியோலி என்ற பாதிரியார் அச்சில் போட்டுக் கொடுத்த சமாசாரம். ஐந்நூறு வருஷம் தாண்டியும் பாலன்ஸ் ஷீட் இன்றும் அதில்தான் ஓடுகிறது. பணம் காணாமல் போகாது, ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் போகும், அவ்வளவே.

நண்பர் ஒற்றைப் பதிவில் சிக்கனம் செய்திருக்கிறார். பூவில் 300 மிச்சம் என்று எழுதினார். சரி. அந்த 300 எங்கே? உண்டியலில் இல்லை, பாங்கில் இல்லை, கார்டிலும் கட்டவில்லை. சட்டைப் பையில், அதாவது இன்றைய வழக்கப்படி போனில், சும்மா இருந்தது. சும்மா இருக்கும் பணத்தின் குணம் உங்களுக்குத் தெரியும். அதற்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் பிரியாணி வாசனை எப்படியோ தெரிந்துவிடுகிறது.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று நடந்தது. எண்ணெயில் மிச்சம் பிடிப்பதற்காக நண்பர் ஒரு ஏர் ஃப்ரையர் வாங்கினார். 5,999 ரூபாய். மாதம் 90 ரூபாய் எண்ணெய் மிச்சமானால், போட்ட பணம் திரும்ப அறுபத்தாறு மாதத்துக்கு மேல் ஆகும். ஐந்தரை வருஷம்! அதுவரை அந்தப் பெட்டி உயிரோடிருக்க நாம் வேண்டிக்கொள்ள வேண்டும். "இல்லை ஸார், நோ காஸ்ட் இ.எம்.ஐ." என்றார். சும்மா கிடைக்கிற வட்டி என்று ஒன்று உலகத்தில் இல்லை என்பதை 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை போட்டு, பூஜ்ய சதவிகிதத் திட்டங்களைக் கண்டித்திருக்கிறது. அதற்குப் பிறகு என்ன செய்கிறார்கள்? வட்டியைப் போட்டு, அதே அளவு தள்ளுபடியும் கொடுக்கிறார்கள். அந்த வட்டிக்கு ஜி.எஸ்.டி. மட்டும் உங்களுடையது. பிராசஸிங் ஃபீஸ் என்று ஒன்று தனியாக வந்து உட்காரும். 'நோ காஸ்ட்' என்று சொன்னவர், யாருக்கு என்று சொல்லவில்லை பாருங்கள்.

சிக்கனத்துக்காகப் பொருள் வாங்குவது நம்மிடம் இருக்கும் ஒரு விநோத வியாதி. பெட்ரோல் மிச்சம் பிடிக்கப் புது வண்டி. ஹோட்டல் செலவைக் குறைக்க மூவாயிரம் ரூபாய்க்கு டிபன் கேரியர் செட். கணக்கு எழுதி வைக்க, சந்தா கட்டும் ஒரு ஆப்.

* * *

திருமதி நண்பர் ஒரு நாள் சோற்றை வடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். தினசரி காலண்டரின் பின்பக்கம் எழுதிய மளிகைக் கணக்கை மேஜையில் வைத்தார். "இது என் கணக்கு. எங்கே உங்க கணக்கு?"

"என் கணக்கா? எனக்கென்ன பெரிய செலவு? ஒரு டீ..." என்றார் நண்பர்.

"போனைக் கொடுங்க."

கணவன் மனைவி சரித்திரத்தில் 'போனைக் கொடுங்க' என்ற இரண்டு வார்த்தைக்கு எத்தனையோ பேர் வியர்த்திருக்கிறார்கள், வேறு காரணங்களுக்காக. நண்பர் வியர்த்தது யு.பி.ஐ. பட்டியலுக்காக. அந்தக் காலத்துக் கணவன் பாக்கெட்டில் இருந்த பத்து ரூபாய் எங்கே போயிற்று என்று கேட்டால், 'சில்லறையாப் போச்சு' என்று தப்பிக்கலாம். இன்றைக்கு எட்டு ரூபாய் சமோசாவுக்கும் தேதி, நேரம், கடைக்காரர் பெயரோடு சாட்சி இருக்கிறது. வருமான வரிக்காரர்களிடம்கூட இல்லாத தகவல் மனைவியிடம் இருக்கும் காலம் இது.

திருமதி நிதானமாக ஒரு மாதக் கணக்கைப் படித்தார். டீ, வடை நாளைக்கு 70 வீதம் இருபத்திரண்டு நாள், 1,540. வெள்ளிக்கிழமை பிரியாணி நான்கு, 1,120. ராத்திரி வீட்டில் தோசை சரியில்லை என்று வரவழைத்தது மூன்று தடவை, 1,050. ரயிலை விட்டுவிட்டு பைக் டாக்ஸியில் போனது ஆறு தடவை, 660. மூன்று ஓ.டி.டி. சந்தா, 647. (இதில் ஒன்றில் கடைசியாகப் படம் பார்த்தது எப்போது என்று நண்பருக்கு ஞாபகமில்லை. பாஸ்வேர்டும் ஞாபகமில்லை.) ஜிம், 1,000. அந்த மாதம் நண்பர் ஜிம்முக்குப் போனது நான்கு நாள். ஒரு தடவை வியர்க்க 250 ரூபாய்! மொபைல் தவணை, 2,499.

கூட்டினால் 8,516.

எதிரே அடுக்களையிலிருந்து பிடுங்கிய 860, பாவம், ஓரமாக உட்கார்ந்திருந்தது.

எனக்கு இதில் ஒரு விஷயம் உறுத்துகிறது. நம் வீடுகளில் 'வீட்டுச் செலவு' என்றால் மனைவியோ அம்மாவோ கையால் செலவாகும் பணம் என்று அர்த்தம். ஆண் கையால் செலவாவதற்குப் பெயரே கிடையாது. பெயர் இல்லாததைப் பட்ஜெட்டில் எப்படி எழுதுவது? எழுதாததை எப்படி வெட்டுவது? 2021-ல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதும், திருமதி நண்பர் ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு அந்த பஸ்ஸுக்காக நின்று ஏறிப் போக ஆரம்பித்தவர். நண்பரோ அதே வருஷம்தான் பைக் டாக்ஸி பழகினார். வீட்டில் யார் ஏற்கெனவே சிக்கனமாக இருக்கிறார்களோ அவர்களிடம் போய் 'இன்னும் குறை' என்பது, ஒல்லியானவனை டயட்டில் வைப்பது மாதிரி.

* * *

சரி, என்னதான் வெட்டுவது?

டீயை வெட்டாதீர்கள். இதில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. டீக்கடையில் பத்து நிமிஷம் நிற்காதவனுக்கு ஆபீஸில் என்ன நடக்கிறது என்றே தெரியாது. இன்க்ரிமென்ட் விஷயம் ஹெச்.ஆருக்கு முன்னால் டீ மாஸ்டருக்குத் தெரியும். வடையைப் பற்றி வேண்டுமானால் யோசிக்கலாம்.

நண்பரும் திருமதியும் சேர்ந்து உட்கார்ந்து வெட்டியதைச் சொல்கிறேன். ஜிம் போச்சு, 1,000. (ஆபீஸ் ஆறாவது மாடி. படிக்கட்டு இலவசம்.) ஓ.டி.டி. ஒன்று மட்டும், 498 மிச்சம். ராத்திரி வரவழைப்பது அறவே இல்லை, 1,050. தோசை சரியில்லை என்றால் அவரே வார்த்துக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பு. பிரியாணி மாதம் இரண்டு, 560. பைக் டாக்ஸி இரண்டு தடவை மட்டும் மன்னிப்பு உண்டு, 440. மொத்தம் 3,548. பூக்காரம்மா தினமும் வர ஆரம்பித்துவிட்டார். பால் பச்சைக்கே திரும்பியது.

இந்த 3,548-ல் 3,500 என்ன செய்யும் என்று பார்க்கலாம். கொஞ்சம் கணக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார்டு வட்டி மாதம் மூன்றரை சதவிகிதம் என்று வைப்போம். கேட்க அடக்கமாக இருக்கும், வருஷத்துக்கு 42. அறுபதாயிரத்துக்கு மாத வட்டி 2,100. வட்டியின் மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி., 378. ஆக 2,478. நண்பர் 'மினிமம் டியூ' என்று பாங்க் சொன்னபடி மாதம் 3,000 கட்டிக்கொண்டிருந்தார். அதில் 2,478 வட்டியும் வரியும் சாப்பிட்டது போக அசலில் குறைந்தது 522 ரூபாய். அந்த 522-ஐயும் தாண்டி அதே மாதம் கார்டைத் தேய்த்தார். அதனால்தான் கடன் ஏறிற்று. பூவுக்கும் எண்ணெய்க்கும் இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

தேய்ப்பதை அடியோடு நிறுத்திவிட்டு மாதாமாதம் 3,000 மட்டும் கட்டினாலும் கடன் தீர நாற்பத்து நான்கு மாதம் ஆகும். மொத்தம் கட்டுவது ஏறக்குறைய 1,29,600. அறுபதாயிரம் கடனுக்கு! (பாங்க் சொல்லும் மினிமம் தொகையை மட்டும் கட்டினால் கதை இன்னும் நீளும். கடன் இளைக்க இளைக்க மினிமமும் கூடவே இளைக்கும். அவர்களுக்கு அவசரமே இல்லை.) அதே 3,000-த்தோடு மேற்படி 3,500-ஐயும் சேர்த்து 6,500 கட்டினால்? பன்னிரண்டே மாதம். மொத்தம் 77,100 சொச்சம். வித்தியாசம் ஐம்பத்தி இரண்டாயிரத்துக்கு மேல்.

இது இவ்வளவு அநியாயமா, சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் கந்துவட்டிக்குத் தடைச் சட்டம் 2003-ல் வந்தது. அது தெருமுனை ஆசாமிக்கு. கார்டு விஷயத்தில், முப்பது சதவிகிதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. எனவே கோர்ட் வந்து காப்பாற்றும் என்று காத்திருக்க வேண்டாம்.

இன்னொரு சூட்சுமமும் பலருக்குத் தெரிவதில்லை. போன மாத பாக்கி முழுசாகத் தீராத வரை, 'நாற்பத்தைந்து நாள் வட்டியில்லை' என்ற சலுகை உங்களுக்குக் கிடையாது. இன்று கார்டில் வாங்கும் சோப்புக்கும் இன்றிலிருந்தே வட்டி ஓடும். அதனால் பாக்கி தீரும்வரை கார்டைத் தொடவே கூடாது. நண்பரின் கார்டு இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா? கடுகு டப்பாவில். நம் பாட்டிமார்கள் பணத்தை ஒளித்து வைத்த அதே டப்பா. இப்போது பணம் செலவழிக்கும் கருவியை ஒளிக்க உபயோகப்படுகிறது. ஆன்லைன் கடைகளில் சேமித்து வைத்திருந்த கார்டு நம்பரையும் திருமதி ஒவ்வொன்றாக அழித்துவிட்டார். இல்லாவிட்டால் கடுகு டப்பாவால் பிரயோஜனமில்லை.

இரட்டைப் பதிவை எப்படிச் செய்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். மாதக் கடைசியில் மிச்சத்தைக் கூட்டிக் கட்டுவது இல்லை. வெட்டிய அன்றே கட்டுவது. வெள்ளிக்கிழமை பிரியாணி சாப்பிடவில்லையா, மூன்று மணிக்குள் 280 ரூபாயை கார்டு கணக்குக்கு அனுப்பிவிடுகிறார். கார்டு பாக்கியை டியூ தேதியில்தான் கட்டவேண்டும் என்று ஒரு மூட நம்பிக்கை இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும் கட்டலாம். வட்டி தினசரி பாக்கியின் மேல் ஓடுவதால் இருபதாம் தேதி கட்டுவதை இரண்டாம் தேதி கட்டினால் அதிலும் கொஞ்சம் லாபம். முதல் தடவை 280 ரூபாய் அனுப்பியபோது, பாங்கில் சிரிப்பார்களோ என்று நண்பருக்குக் கூச்சமாக இருந்ததாம். அங்கே இருப்பது கம்ப்யூட்டர் ஸார், சிரிக்காது.

* * *

இன்னும் சீக்கிரம் முடிக்க வழி இருக்கிறதா? இருக்கிறது. அதுதான் பெரிய வாக்குவாதம்.

திருமதியிடம் ஒரு செயின் உண்டு. பாங்கில் நகைக்கடன் வட்டி வருஷத்துக்கு பத்து சதவிகிதம் என்று வைத்துக்கொண்டால் அறுபதாயிரத்துக்கு மாதம் 500 ரூபாய். கார்டுக்கு 2,478, இதற்கு 500. அதே 6,500-ஐக் கட்டினால் பத்து மாதத்தில் செயின் கழுத்துக்குத் திரும்பிவிடும். மொத்த வட்டியே மூவாயிரத்தைத் தொடாது. பேப்பரில் இதைவிட நல்ல யோசனை இல்லை.

பேப்பரில்தான். நடைமுறையில் பல வீடுகளில் என்ன ஆகிறது? செயின் பாங்குக்குப் போகும். கார்டு பளிச்சென்று பூஜ்யமாகும். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்த சந்தோஷத்தில் ஒரு டி.வி. வரும். எட்டு மாதத்தில் செயினும் அங்கே, கார்டிலும் அறுபதாயிரம். நண்பர் பவ்யமாக இந்த யோசனையைச் சொன்னபோது திருமதி சொன்ன பதில்: "முதல்ல ஆறு மாசம் 6,500 கட்டிக் காட்டுங்க. அப்புறம் செயினைப் பத்திப் பேசலாம்." எந்த லோன் ஆபீசரும் இதைவிட நன்றாகப் பரிசீலித்திருக்க முடியாது. செயின் அவருடையது, நிபந்தனையும் அவருடையது. நான் திருமதி கட்சி.

செயின் இல்லாதவர்கள், பாக்கியைத் தவணையாக மாற்றித் தரச் சொல்லி பாங்கைக் கேட்கலாம். வட்டி பாதிக்குப் பாதிகூடக் குறையலாம். கட்டணம் எவ்வளவு என்று முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், ஆபீஸ் சீட்டு. ஒரு பக்கம் 42 சதவிகிதம் வட்டி கட்டிக்கொண்டு இன்னொரு பக்கம் மாதம் 2,000 ஆர்.டி. போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆர்.டி. வட்டி ஏழு சதவிகிதம் என்று தாராளமாகவே வையுங்கள். ஏழுக்குக் கொடுத்து நாற்பத்திரண்டுக்கு வாங்கும் வியாபாரத்தை எந்த மளிகைக் கடைக்காரரும் செய்யமாட்டார். திடீர் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொஞ்சம் கையில் வைத்துக்கொண்டு, மற்றதைக் கடனில் போடுவதே லாபம்.

வீட்டுச் செலவில் உருப்படியாக வேட்டையாட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அது அடுக்களையில் இல்லை. வாசலில் மாட்டியிருக்கும் கரண்ட் மீட்டர். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் வந்த கட்டணப் பட்டியல்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஆனால் பில் 1,725 ரூபாய். 501 யூனிட் ஆனால் 1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! காரணம், ஐந்நூறைத் தாண்டியதும் கீழே உள்ள யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகை விலையும் பறிபோகும். பிறகு ரேட் ஏறியிருக்கிறது. ஆனால் சூட்சுமம் இதுதான். ஐம்பதாவது நாள் மீட்டரை எட்டிப் பாருங்கள். 480-ல் நின்றால் மிச்சம் பத்து நாள் ஏ.சி.யை அடக்கி வாசிக்கலாம். 560-க்குப் போய்விட்டிருந்தால் வீட்டிலுள்ளவர்களை விரட்டி விரட்டி ஃபேனை அணைத்து ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொள்ள வேண்டாம், அந்தச் சலுகை ஏற்கெனவே போய்விட்டது.

மளிகையில் ஒன்றே ஒன்று. 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்பதைப் படிக்காதீர்கள். பாக்கெட்டில் பொடி எழுத்தில் ஒரு கிராம் என்ன விலை என்று அச்சிட்டிருப்பார்கள், அதைப் படியுங்கள். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்பதும் பொய், சின்னது எப்போதும் மோசம் என்பதும் பொய். கண்ணாடி போட வேண்டிய வயசு எனக்கு இன்னும் வரவில்லை; அந்த எழுத்தைப் படித்தால் சீக்கிரம் வந்துவிடும்.

* * *

நண்பருக்கு இன்னொரு கடன் உண்டு. அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு ஒரு மாமாவிடம் வாங்கிய கைமாற்று, 15,000. வட்டி கிடையாது. என் பி.காம். சொல்வது, வட்டி அதிகமுள்ள கடனை முதலில் தீர். வட்டியில்லாததைக் கடைசியில் பார்த்துக்கொள்.

ஆனால் உறவுக்காரர் கடனுக்கு வட்டி இல்லை என்று யார் சொன்னது? நண்பர் இரண்டு வருஷமாக எந்தக் கல்யாணத்திலும் முதல் பந்தியில் உட்காரவில்லை. மாமா முதல் பந்தி. மாமாவும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. 'என்ன மாப்ளே, புது போனா?' என்று மட்டும் ஒரு தடவை கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு எத்தனை சதவிகிதம் என்று எந்த டேபிளிலும் போடவில்லை. கணக்குப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சொல்கிறேன், மாதம் 500 ஆனாலும் மாமாவுக்கு அனுப்ப ஆரம்பியுங்கள். கார்டு ஓரிரு மாதம் தள்ளித் தீரட்டும். பாங்க் வருத்தப்படாது, மாமா வருத்தப்படுவார்.

இதைப் படிக்கும் பாச்சுலர்களுக்குத் திருமதியும் இல்லை, காலண்டர் கணக்கும் இல்லை. மேன்ஷனிலோ, நாலு பேர் சேர்ந்து எடுத்த வீட்டிலோ இருப்பீர்கள். நீங்கள் வெட்டலாம் என்று முதலில் நினைப்பது எது என்று எனக்குத் தெரியும். ஊரில் அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்பும் மூவாயிரம். 'கடன் தீரும்வரை நிறுத்தி வைக்கட்டுமா அம்மா?' என்று போனில் கேட்பீர்கள். அம்மா உடனே, "எனக்கு எதுக்குப்பா பணம், ரேஷன்ல எல்லாம் கிடைக்குது, நீ உன் உடம்பைப் பார்த்துக்கோ" என்பார்.

நம்பிவிடாதீர்கள். அந்த மூவாயிரத்தில் பிரஷர் மாத்திரை இருக்கிறது, கேஸ் சிலிண்டர் இருக்கிறது, பக்கத்து வீட்டம்மாவிடம் 'பையன் மாசாமாசம் தவறாம அனுப்பறான்' என்று சொல்லிக்கொள்வது இருக்கிறது. குறைத்தே ஆகவேண்டும் என்றால் எவ்வளவு கடன், எத்தனை மாதம் என்று அம்மாவிடம் உள்ளதைச் சொல்லி, ஐந்நூறோ ஆயிரமோ குறைத்து அனுப்புங்கள். முதலில் போனை எடுத்து உங்கள் போன மாதப் பட்டியலைக் கூட்டிப் பாருங்கள். கூட்டிவிட்டு அப்புறம் அம்மாவைக் கூப்பிடலாம். ஒன்பது மணிக்கு மேல் என்றால் அவர் தூங்கியிருப்பார், நாளைக்குப் பேசுங்கள்.